உப்பு டப்பாவுல ஒட்டின ஸ்டிக்கர்

இல்ல தம்பி, பால்கோவா வாங்க வரல. கால் கிலோவும் வேண்டாம், சாம்பிளும் வேண்டாம், அந்தக் கரண்டியக் கீழ வைங்க. பால்கோவான்னு பேரக் கேட்டாலே எனக்கு இப்பல்லாம் நெஞ்சக் கரிக்குது. ஏன்னு சொல்றேன். செத்த அந்த ஃபேன இந்தப் பக்கம் திருப்பி விடுங்க. ராஜபாளையத்துல இருந்து நின்னுக்கிட்டே வாரேன், பஸ்ஸுல அம்புட்டுக் கூட்டம். இந்தப் பைய இப்பிடி ஓரமா வச்சுக்கிடுறேன்.

நீங்கதான மாரீஸ்வரன்? போன வாரம் கோயிலுக்கு வந்தப்ப உங்க கடை வாசல்ல போர்டு பாத்தேன். ஆன்லைன் ஆர்டர் பாக்க, போன் பேச, இங்கிலீஷ் தெரிஞ்ச ஆள் தேவைன்னு போட்டுருக்கீங்கள்ல? இன்னும் யாரும் வரலைல்ல? நல்லதாப் போச்சு. வேல விசயமாத்தான் வந்தேன்.

யாருக்குன்னா… அதச் சொல்லத்தான வாரேன், அதுக்குள்ள என்ன அவசரம்? எங்க வீட்டுக்காரரு இருக்காரே, வைகுண்டராஜ்னு பேரு, எங்க ஊரு மில்லுல இருவத்தாறு வருசமா மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். எட்டு மாசத்துக்கு முன்னால ஒரு நாள் சாயந்தரம் வந்து, சித்ரா, நான் ஒரு வருசம் பிரேக் எடுத்துக்கிடப் போறேன்னாரு. யாரும் அனுப்பல தம்பி, அவராத்தான். மொதலாளி வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும் கேக்கல. இதுக்குப் பேரு கேரியர் பிரேக்காம். பெங்களூர்ல வேல பாக்குற எங்க மக சுபிக்‌ஷா சொல்லிக் குடுத்தது. அப்பா, புதுசா ஏதாவது கத்துக்கோங்க, உங்களுக்குன்னு ஒரு ஹாபி வேணும்னா. எனக்குத் தெரிஞ்சு அந்த மனுசனுக்கு இருந்த ஒரே ஹாபி, ஞாயித்துக்கெழம கறிச்சோறு தின்னுட்டுத் தூங்குறதுதான்.

மொத மாசம் கீபோர்டு. பக்கத்து வீட்டு வெங்கடேஸ்வரி டீச்சர் வந்து, ஏன் சித்ரா, ஒங்க வீட்டுக் காலிங்பெல்லு ரிப்பேரா, விடாம அடிச்சுக்கிட்டே இருக்கேன்னு கேட்டாங்க. அன்னையோட கீபோர்டு பரண்ல ஏறிருச்சு.

ரெண்டாவது மாசம் நாய். ராஜபாளையத்துக்காரன் வீட்டுல ராஜபாளையம் நாய் இல்லைன்னா வெளிய சொல்ல முடியலையாம். வாங்கியாந்து, யூடியூப்பப் பாத்து ட்ரெயினிங். சிட், ஸ்டாண்ட், சிட், ஸ்டாண்ட். அது ராசா மாதிரி நின்னு வேடிக்கை பாத்துச்சு. இந்தா இப்பிடித்தான்னு இவரு உக்காந்து எந்திரிச்சுச் செஞ்சு காமிச்சாரு. ஒரு வாரத்துல நாய்க்கு ஒண்ணும் வரல, இவருக்கு முட்டி வீங்கிருச்சு. தைலம் தேச்சது யாரு? நான். நாய் இப்ப புதுப்பட்டில எங்க மதினி தோட்டத்துல இருக்கு. அவிய போன்ல சொல்றாவ, அங்க உக்காருன்னா உக்காருதாம்.

மூணாவது மாசம்தான் தம்பி உங்க தொழிலு. எட்டு லிட்டரு கறந்த பாலு. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் விறகுல செய்யுறத நான் கரண்ட் அடுப்புல செய்யுறேன் பாருன்னாரு. மில்லுல பேரிங் சூடு பாக்க ஒண்ணு வச்சிருப்பாங்க, துப்பாக்கி மாதிரி. அத வச்சுப் பாலச் சுட்டுச் சுட்டு நோட்டுல எழுதுனாரு. சூடெல்லாம் கரெக்ட். கிண்டத்தான் மறந்துட்டாரு. சட்டியச் சொரண்டச் சொரண்ட ஒரே டயர் வாசம். வீணாக்கக் கூடாதுன்னு மூணு நாளு அதத் தின்னோம். சிரிக்காதீங்க. இப்பத் தெரியுதா, நெஞ்சு ஏன் கரிக்குதுன்னு?

இம்புட்டோட நின்னுருந்தா நான் இங்க வந்துருக்கவே மாட்டேன். தோத்துக்கிட்டே இருக்குற புருசன வச்சு நிம்மதியாக் குடும்பம் நடத்தலாம் தம்பி. நாலாவது மாசம் எனக்கு ஒரு வாரம் காய்ச்சலு. இவரு அடுப்படிக்குள்ள வந்தாரு. அங்க செயிச்சுட்டாரு.

எந்திரிச்சு வந்து பாக்கேன், அது என் அடுப்படியே இல்ல, மில்லு. டப்பா பூராவும் ஸ்டிக்கர். உப்பு டப்பாவுல, உப்பு. அது கண்ணாடி டப்பா தம்பி! உள்ள இருக்குறது வெளிய தெரியுது. கண்ண மூடிக்கிட்டு உப்புப் போடுறவ நான், இனிமே வாசிச்சுப் பாத்துப் போடணுமாம். கிரைண்டருக்கு எப்ப எண்ணெ விட்டோம்னு ஒரு அட்டை தொங்குது. மில்லுல பஞ்சுக்கு வேஸ்ட் பர்சன்ட் பாப்பாங்கள்ல, எம்புட்டு உள்ள போச்சு, எம்புட்டுக் கழிவாச்சுன்னு? அதே மாதிரி நான் சீவிப் போட்ட பீர்க்கங்காத் தோலத் தராசுல வச்சு நிறுத்துப் பாத்து, சித்ரா, இருவத்தெட்டு பர்சன்ட்டுங்காரு. மறுநாளு அந்தத் தோலயே தொவையலா அரைச்சு வச்சுட்டு, இப்ப வேஸ்ட்டு பூஜ்யம்ங்காரு. அந்தத் தொவையலு எனக்குத் தெரியாதாக்கும்? எனக்கு நிறுத்துப் பாக்கத் தோணல, அம்புட்டுத்தான்.

பாத்திரம் தேய்க்கிற பாலம்மா டீ டம்ளர்ல கூட ஒட்டிட்டாரு. பாலம்மா, ஏ ஷிப்ட். காலைல ஆறரைக்கு வாரால்ல, அதனால ஏ ஷிப்ட். பதினஞ்சு வருசமா எங்கிட்ட ஒரு லீவாவது சொல்லிட்டுப் போட்டிருப்பாளா? இப்ப இவருகிட்ட முந்துன நாளே சொல்லிட்டுப் போறா. ஏட்டி, எங்கிட்ட மட்டும் ஏன்டி சொன்னதில்லன்னு கேட்டா, நீங்க வைவீகம்மா, சாருன்னா நோட்டுல எழுதிக்கிட்டு சரிம்மான்னு சொல்லுவாருங்கா.

ருசியா? அதக் கேக்காதீங்க.

கேட்டுட்டீங்க, என்ன செய்ய. கான்வென்ட்ல படிச்சவ, பொய் சொன்னா முட்டி போட்டே பழக்கம். நல்லாத்தான் இருக்கு. என்னோடதவிட நல்லாத்தான் இருக்கு. போதுமா?

போன வாரம் மக போன் பண்ணுனா. சாப்பிட்டியாம்மா, கை வலி எப்பிடி இருக்குன்னு ரெண்டு வார்த்த. பொறவு, அம்மா, அப்பாட்ட குடேன், புளிக்கொழம்பு கெட்டியாவே வர மாட்டேங்குது, எப்பிடின்னு கேக்கணும்னா. எங்கிட்ட இல்ல தம்பி, அப்பாட்ட. அவ பல்லு மொளச்சதுல இருந்து தின்ன கொழம்பு யாரு வச்சதுன்னு நெனைக்கா? போனக் குடுத்துட்டு வந்து சோபாவுல உக்காந்தேன். அவரு உள்ள, வெந்தயத்த எப்பப் போடணும்னு விலாவாரியாச் சொல்லிக்கிட்டு இருக்காரு. எனக்குச் செய்யுறதுக்கு ஒண்ணுமில்ல. சரி, டிவியாவது பாப்போம்னு ரிமோட்ட எடுத்தா, அதுலயும் ரிமோட்டுன்னு எழுதி ஒட்டியிருக்கு.

போன் அடிக்குது பாருங்க. எடுங்க. ஏன், எதுக்குக் கட் பண்ணுறீங்க? ஓ, இங்கிலீஷா. காலைல இருந்து நாலு தடவயா? அப்ப நாலு தடவயும் கட் பண்ணுனீங்களா? நல்லா ஏவாரம் பண்ணுனீங்க போங்க. திரும்ப அடிக்குது. இங்க குடுங்க. குடுங்கங்கேன்.

ஹலோ. யெஸ் மேடம், டெல் மீ… இஸ் இட் ஹார்ட்? லைக் எ ஸ்டோன்? வேர் டிட் யூ கீப் இட்? … ஃப்ரீசர்? மேடம், இட் இஸ் பால்கோவா, நாட் ஐஸ்கிரீம்… நோ நோ, டோன்ட் ஷவுட். ஐ கேன் ஷவுட் பெட்டர் தேன் யூ… ஹா, சிரிச்சுட்டீங்கள்ல? ஓ, தமிழா! அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? வெளிய எடுத்து ஒரு மணி நேரம் வைங்க, எளகிரும். ஆங்… ரெண்டு கிலோவா? எப்ப வேணும்? சரி, அனுப்பிருவோம். எம்பேரு ஜெயசித்ரா.

எழுதிக்கோங்க தம்பி. ரெண்டு கிலோ, பழைய அட்ரஸ், அடுத்த வெள்ளிக்கெழமைக்குள்ள போகணும், வீட்டுல விசேசமாம். என்ன அப்பிடிப் பாக்குறீங்க? ஒண்ணாப்புல இருந்து கான்வென்ட்டு. தமிழ்ல பேசுனா வெளிய நிப்பாட்டிருவாங்க. அன்னைக்கு மிச்சம் வச்ச தமிழத்தான் இப்பப் பேசித் தீத்துக்கிட்டு இருக்கேன்.

என்னது, சார வரச் சொல்லவா? நேர்ல பாக்கணுமா?

அவரு எதுக்குத் தம்பி வரணும்? அவருக்கு இங்கிலீஷுல போன் வந்தா உங்களவிட வேகமாக் கட் பண்ணுவாரு. அடுப்படிய விட்டும் வர மாட்டாரு. இன்னும் நாலு மாசம் பாக்கி கெடக்கு, அதுக்குப் பொறவும் மில்லுக்குப் போவாருன்னு எனக்குத் தோணல. ஒரு அடுப்படி, ரெண்டு ஆளு. மில்லா இருந்தா என்ன செய்வாங்க? ஒரு ஆள வேற டிபார்ட்மென்ட்டுக்கு மாத்துவாங்களா, மாட்டாங்களா?

இந்தாங்க பயோடேட்டா. பேரப் பாருங்க. ஆமா, என்னோடதுதான். பி.காம்., டைப்ரைட்டிங் ஹையர், கல்யாணத்துக்கு முன்னால ரெண்டு வருசம் சிவகாசில ஒரு அச்சாபீஸ்ல வெளியூர் லெட்டர் பூராவும் நாந்தான் எழுதுவேன். இத அடிச்சுக் குடுத்த பொண்ணு கேட்டா, ஆன்ட்டி, இதுக்கு அப்புறம் இருவத்திமூணு வருசம் காலியா இருக்கே, என்ன போடன்னு. கேரியர் பிரேக்குன்னு போடும்மான்னேன். சரின்னு அடிச்சுட்டு, பிரேக்குல புதுசா என்னல்லாம் கத்துக்கிட்டீங்கன்னு கேட்டா. அதச் சொல்ல ஆரம்பிச்சா அவ கடைய அடைச்சுட்டுப் போக முடியாது. விட்டுரும்மான்னுட்டேன்.

நாளைல இருந்து வரவா? ஏன், இன்னைக்கு என்ன கொறச்சல்? மத்தியானச் சாப்பாடு பையில இருக்கு. வேலைக்குன்னு அவருகிட்ட மூச்சு விடல. ஆண்டாளச் சேவிச்சுட்டு வாரேன்னுதான் சொன்னேன். கோயிலுக்குப் போற பொம்பளைக்கும் வெள்ளன எந்திரிச்சுச் சோறு கட்டிக் குடுத்துட்டாரு மனுசன். இருங்க, இதுலயும் ஏதோ ஒட்டியிருக்காரு. கண்ணாடியப் போட்டுக்கிடுறேன்.

எலுமிச்சம்பழச் சாதம், உருளக்கெழங்கு வறுவல். கீழ என்னமோ… சித்ரா, ஜெனரல் ஷிப்ட்.

இல்ல, ஒண்ணுமில்ல. ஜெனரல் ஷிப்ட்டுன்னா ஆபீஸ்ல உக்காருறவங்களுக்கு. காலைல போயி சாயந்தரம் வாரவங்களுக்கு.

இந்த பயோடேட்டாவ ஒரு வாரமா அரிசி டப்பாவுக்கு அடியிலதான் ஒளிச்சு வச்சிருந்தேன். அந்த வீட்டுல இப்ப அரிசி டப்பாவத் தூக்குறது யாருன்னு யோசிக்காமப் போயிட்டேன் பாருங்க.

அந்த ஃபேன உங்க பக்கமே திருப்பிக்கிடுங்க தம்பி, எனக்குப் போதும். மணி ஒண்ணாகப் போகுது. நீங்கள்லாம் இங்க எங்க உக்காந்து சாப்பிடுவீங்க?