எட்டு ரப்பர்

ஒன்பது வருடம் நின்றுகிடந்த வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது எலிக்கூட்டைத்தான். எஞ்சினையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எங்கள் ஜீப்பின் ஏர் ஃபில்டருக்குள் மட்டும் அரைப்படி கடலைத்தோல் இருந்தது. நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும், ஐயா. ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

அது பட்டாளத்தில் கழித்துவிட்ட ஜீப். அப்பா ஏலத்தில் எடுத்து, நாமகிரிப்பேட்டைக்கு மேற்கே எங்கள் காட்டில் மஞ்சள் மூட்டை இழுக்க வைத்திருந்தார். எழுபத்து நாலில் அவர் காலமானதும் கடலைக் கொட்டகையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டேன்.

எண்பத்து மூன்றில் என் தங்கை வசந்தாமணியின் வீட்டுக்காரர் சின்னுசாமி ராய்ப்பூருக்குக் குடிபோகத் தீர்மானித்தார். போர்வெல் லாரி ஓட்டுபவர். அவர் தம்பி அங்கே குடும்பத்தோடு இருந்து நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தான். தங்கையையும், எட்டு வயது மகள் கமலவேணியையும் கூட்டிப்போவதாகச் சொன்னார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவர்கள் என் வீட்டோடுதான் இருந்தார்கள். அம்மா போன பிறகு வசந்தாமணி கையால்தான் எனக்குச் சோறு. ஆனால் நான் என் சோற்றை நினைக்கவில்லை. ராய்ப்பூர் வடக்கே இருக்கிறது, அங்கே கோதுமைதான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவளுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. இரண்டு சப்பாத்தி தின்றால் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இதை மாப்பிள்ளையிடம் எடுத்துச் சொன்னேன்.

"போகப் போகப் பழகிருமுங்க மச்சான்" என்று சிரித்தார்.

எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அடுத்த நாளே, போவதற்குள் ஜீப்பை ஓட வைத்து உங்களுக்கே சீராகக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவருக்கு வாயெல்லாம் பல். ரொம்ப நாளாகவே அந்த ஜீப்பின் மேல் அவருக்கு ஒரு கண்.

வேலையில் நான் குறை வைக்கவில்லை. பிஸ்டன் இறுகியிருந்தது. பிளக்கைக் கழற்றி, ஓட்டைக்குள் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் ஊற்றி ஐந்து நாள் ஊறவிட்டேன். ஆறாம் நாள் ஹேண்டிலைப் போட்டு அழுத்தினேன். அசைந்தது. பெட்ரோல் டேங்குக்குள் சல்லியைப் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தேன். புது பேட்டரி, புது டியூப். பதினேழாம் நாள் அது புகையைக் கக்கிக்கொண்டு பிடித்தபோது கமலவேணி கொட்டகை முழுக்கக் குதித்தாள். நானும் சந்தோஷப்பட்டேன். அதில் பொய் இல்லை.

பிரேக்குக்குச் சக்கரத்துக்கு இரண்டு வீதம் எட்டு ரப்பர் உண்டு. அத்தனையும் காய்ந்து வெடித்திருந்தன. சேலம் போய்ப் புது ரப்பர் எட்டும் வாங்கி வந்தேன். இதோ உங்கள் மேசை மேல் இருக்கிறதே, அந்த டப்பாதான். வாங்கும்போது போடத்தான் வாங்கினேன். பிறகு டப்பாவை அரிசிக் குதிருக்குப் பின்னால் வைத்துவிட்டு, பழசையே துடைத்து மாட்டினேன். சமதரையில் பத்துத் தடவை மிதித்தால் பத்துத் தடவையும் வண்டி நின்றது. விடாமல் மிதித்தால்தான் ஆயில் ஒழுகி பிரேக் போகும். கைப்பிரேக் கம்பி அறுந்திருப்பதை மாப்பிள்ளையிடம் நேராகவே சொன்னேன். "அதை அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்றார். ஆக, நான் எல்லாவற்றையும் மறைத்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

லாரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் விட்டுவிடுவார்கள். எண்ணெய் மிச்சமாம். மாப்பிள்ளை மொபெட்டைக்கூட அப்படித்தான் இறக்குவார். கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அவர் அப்படி இறங்கி நான் பார்த்ததே இல்லை.

எங்களில் வண்டிக்குப் பூசை போட்டால் முதல் சவாரி கரட்டு மேல் இருக்கும் முருகன் கோயிலுக்கு. சீராக வாங்கியவர்தான் ஓட்ட வேண்டும். கமலவேணிக்கு அம்மை கண்டபோது, பிள்ளையோடு படியேறிப் படியிறங்குவதாக வசந்தாமணி வேண்டியிருந்தாள். அந்த வேண்டுதல் பாக்கி இருப்பதை நான்தான் ஞாபகப்படுத்தினேன். சாமி கடனை வைத்துக்கொண்டு ஊரை விட்டுப் போகக் கூடாது என்றேன். அவர்கள் இரண்டு பேரும் வண்டியில் இருக்கக் கூடாது என்பதில் நான் கவனமாகத்தான் இருந்தேன்.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மாப்பிள்ளை ரோட்டு வழியாக ஏறினார். நாங்கள் மூன்று பேரும் படி வழியாக. கும்பிட்டு முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது.

"கல்லு சுடுது மாமா" என்று கமலவேணி காலை மாற்றி மாற்றி வைத்தாள். மாப்பிள்ளை அவளைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தார். "கொழந்த கால் வெந்தா முருகனுக்கு ஆகுமா? ஏறுனதே போதும், நீ நடந்து வா" என்று வசந்தாமணியிடம் சொன்னார். அவளும் சரி என்றாள்.

நான் இறக்கியிருக்கலாம். இறக்கினால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பொருத்தமான பதில் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"மாமா, நீங்களும் வாங்க" என்றாள்.

"நான் உங்கம்மாகூட வாரேன் சாமி" என்றேன்.

எஞ்சின் சத்தம் முதல் வளைவிலேயே நின்றது. ஹாரன் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. வசந்தாமணி பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், விழுந்துவிடக் கூடாதே என்று.

இரண்டு பேர் காரியத்துக்கும் வந்த ஊரே, பழைய வண்டி, வேறென்ன செய்ய முடியும் என்று என்னைத் தேற்றியது. ஒரு வருடம் வசந்தாமணி எனக்குச் சமைத்துப் போட்டாள். பேச்சுக் குறைந்துபோனதே தவிர, களியில் ஒரு குறையும் இல்லை. போன மாதம் குதிருக்குப் பின்னால் கூட்டும்போது டப்பா அவள் கையில் கிடைத்தது.

"இது எதுக்குங்ணா?" என்று கேட்டாள்.

நான் பொய் சொல்லிப் பழகியவன் இல்லை. பிரேக் ரப்பர் என்றேன். போடவில்லையா என்றாள். இல்லை என்றேன். தெரிந்துதானா என்றாள். ஆமாம், தெரிந்துதான், உனக்காகத்தான் என்றேன். அவள் அழவில்லை. டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறி நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும், சொல்லுங்கள். அவள் இப்போது கொழுந்தனார் வீட்டோடு இருக்க ராய்ப்பூருக்கே போய்விட்டதாக ஏட்டு சொன்னார். நான் எழுதினால் பிரிக்க மாட்டாள். நீங்கள் ஒரு கடிதம் போடுங்கள், ஐயா. அங்கே கோதுமைதான், அவளுக்கு ஒத்துக்கொள்ளாது.