வலது பக்கத்து சீட்

நீங்கள் போட்ட நாற்காலி கொஞ்சம் ஆடுகிறது சார். பின்கால் ஒன்றில் வெல்டு விட்டிருக்கிறது. பரவாயில்லை, இப்படியே உட்கார்ந்துகொள்கிறேன். தோளில் கட்டு இருப்பதால் எப்படியும் சாய முடியாது.

என் பெயர் சென்னப்பன். குருபரப்பள்ளியில் ஹைவேயை ஒட்டி இருக்கிற ஷெட் என்னுடையது. எங்கள் தக்காளி நிலத்தில் ரோட்டுப் பக்கம் இருந்த துண்டில் போட்டது. முதலில் டிராக்டர் டிரெய்லர், லாரி பாடி என்று செய்துகொண்டிருந்தேன். அப்புறம் பெங்களூர்க்காரர்கள் பழைய ஜீப்புகளை வாங்கி மேட்டிலும் சேற்றிலும் ஓட்ட ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் ஒரே கூட்டம். அவர்களுக்குக் கேஜ் செய்து கொடுத்தேன். கேஜ் என்றால் வண்டிக்குள் இரும்புப் பைப்பால் கட்டுகிற கூண்டு. வண்டி உருண்டால் உள்ளே இருப்பவர்கள் நசுங்காமல் அது தாங்கும்.

கமலக்கண்ணன் இரண்டாயிரத்து ஐந்தில் என்னிடம் வந்தார். ராஜபாளையம் பக்கத்து ஆள். ஓசூரில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஆள் குறைத்தபோது வெளியே வந்துவிட்டார். ஜீப் என்றால் அவருக்கு உயிர். எனக்கு ஓட்டத் தெரிந்த, அளவு எடுக்கத் தெரிந்த ஆள் ஒருவர் தேவைப்பட்டது. கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டேன். நல்ல மனிதர் சார். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவரைப் பற்றித் தப்பாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமே கிடையாது. இருந்திருந்தால் எனக்கு இத்தனை கஷ்டம் இருந்திருக்காது.

வந்த முதல் வாரமே ஒரு ஜீப்புக்குள் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"அண்ணே, இந்த சீட்டு எதுல நிக்குது?"

"தரையிலதான். வேற எதுல நிக்கும்?"

"தரை வெறும் தகரம்ணே. பெல்ட்டு மட்டும் கேஜ்ல இருக்கு. வண்டி உருண்டா தகரம் கிழிஞ்சு சீட்டு ஒரு பக்கம் போகும், பெல்ட்டு ஒரு பக்கம் இழுக்கும். நடுவுல ஆளுல்ல மாட்டிக்கிடுவான்? ரெண்டும் கேஜ்லயே நிக்கணும்ணே."

மெதுவான குரலில்தான் சொன்னார். பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் சொன்னார். அவர் சொன்னது சரி என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதுவரை நான் செய்து அனுப்பிய வண்டிகள் எல்லாம் எந்தெந்த மேட்டில் ஏறிக்கொண்டிருக்கின்றனவோ என்று நினைத்துப் பார்த்தேன். ஒருவராவது என்னிடம் கேட்டதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

அதற்குப் பிறகு கேஜின் இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே பைப் கொடுத்து, அதில் சீட்டை நிறுத்தினோம். இடுப்பு பெல்ட்டுக்கு அந்தப் பைப்பிலேயே பட்டை வெல்டு செய்தோம். தோள் பெல்ட்டுக்கு சீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு பைப். அளவு அவர் போடுவார், வெல்டு நான் வைப்பேன். வேலை கூடியது. என் வீட்டுக்காரி மங்கம்மா சொன்னாள், "அந்தத் தம்பி வந்த பின்னாடிதான் நம்ம ஷெட்டுக்கு ஒரு களையே வந்திருக்குது." அவளும் கமலக்கண்ணனின் மனைவி தமிழ்செல்வியும் ஓசூர் மலைக்கோயிலுக்குச் சேர்ந்து போவார்கள். எங்கள் வீட்டில் தெலுங்கு பேசினால் தமிழ்செல்வி விழிப்பாள், எல்லாரும் சிரிப்போம். குடும்பம் மாதிரிதான் இருந்தோம்.

போன மாதம் பெங்களூரிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். தன் சிநேகிதரையும் அழைத்து வந்திருந்தார். வண்டியைச் சுற்றிக் காட்டிவிட்டு என் பக்கம் கை நீட்டி, "இவரு கமல் சார் வெல்டரு" என்று கன்னடத்தில் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார். என் ஷெட், என் நிலம், வாசலில் என் அப்பா பெயர் எழுதிய போர்டு. அதன் கீழே நின்றுகொண்டு அப்படிச் சொன்னார். கமலக்கண்ணன் பக்கத்தில் நின்று சிரித்தார். அவருக்குக் கன்னடம் தெரியாது சார். என்ன சொன்னார்கள் என்று புரியாமல், மரியாதைக்குச் சிரித்தார். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தச் சிரிப்பைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சாப்பிடும்போதும் அதுதான். படுக்கும்போதும் அதுதான்.

அந்த நேரத்தில்தான் ஷெட் பெயரில் ஒரு ஜீப் தயார் செய்துகொண்டிருந்தோம். உத்தனப்பள்ளி தாண்டி ஒரு பழைய கல்குவாரியில் போட்டி. கமலக்கண்ணன் என்னைத்தான் ஓட்டச் சொன்னார். எனக்கு மேடு என்றால் பயம். அதைச் சொல்லாமல், கால் முட்டி சரியில்லை என்றேன். அவர் ஓட்டுவது, நான் இடது பக்கம் உட்கார்ந்து வழி சொல்வது என்று முடிவாயிற்று. அவர் குள்ளம். முன்னால் இருக்கிற கல் தெரிய வேண்டும் என்று தன் சீட்டை மட்டும் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் உங்கள் ஆட்கள் கேட்டபோது அவசரமாகச் செய்த வேலை என்று சொன்னேன். அது பொய். அவசரம் ஒன்றும் இல்லை. பட்டை இரும்பு தீர்ந்துவிட்டது என்றும் சொன்னேன். அதுவும் பொய். ஷெட்டின் பின்பக்கம் இன்னும் கிடக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

கமலக்கண்ணன் சாமான் வாங்க ஓசூர் போயிருந்தார். மதியம். நான் உட்காரப்போகிற இடது பக்கத்து சீட்டை முதலில் செய்தேன். பைப்பைத் துரு போகத் தேய்த்து, பட்டையின் ஓரத்தைச் சாய்வாக உரசி, மெஷினில் கரண்டைச் சரியாக வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக வெல்டு வைத்தேன். அப்புறம் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வலது பக்கம் வந்தேன். மெஷினில் கரண்டைக் குறைத்தேன்.

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். கரண்டு குறைவாக வைத்தாலும் வெல்டு விழும். பார்க்க எறும்பு வரிசை மாதிரி அழகாகவே இருக்கும். ஆனால் இரும்பு இரும்போடு கலந்திருக்காது. மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும். அவ்வளவுதான். சீட்டின் காலுக்கும் பெல்ட்டுப் பட்டைக்கும் அப்படியே வைத்தேன். மேலே கறுப்பு பெயின்ட் அடித்தேன்.

அப்போது நான் எனக்குச் சொல்லிக்கொண்டது இதுதான்: குவாரியில் வண்டி குலுங்கும்போது சீட் விட்டுப் போகும். கமல் சார் செய்த வண்டியிலேயே சீட் விட்டுப்போச்சு என்று நாலு பேர் பார்ப்பார்கள். வெல்டு வைத்தவன் நான்தானே, என் பெயரும் கெடாதா என்று நீங்கள் கேட்கலாம். ஷெட்டில் நடக்கிற நல்லதெல்லாம் அவருடைய வேலை என்று ஆகிவிட்டது. கெட்டதும் அவருடையதாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். கொஞ்சம் தலைகுனிவு, அதற்கு மேல் இல்லை என்று நினைத்தேன். உயிர் போகும் என்று நினைக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் உயிர் போகாது என்றால் என் பக்கத்தை ஏன் அத்தனை பத்திரமாகச் செய்தேன்? இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன். பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போட்டி அன்று காலையில் குவாரியில் வைத்து அவர் சோதித்துப் பார்த்தார். எப்போதும் செய்வதுதான். சுத்தியலால் வெல்டைத் தட்டிச் சத்தம் கேட்பார். பிறகு பெல்ட்டைப் பிடித்துத் தன் முழு எடையையும் போட்டு இழுப்பார்.

"முதல்ல உங்க பக்கம்ணே. ஒண்ணுனா மங்கம்மா மதினிக்கு நாந்தான பதில் சொல்லணும்" என்று சிரித்துக்கொண்டே என் சீட்டைத் தட்டினார். இழுத்தார். அசையவில்லை. சுத்தியலோடு சுற்றி வலது பக்கம் வந்தார்.

நான் சொன்னேன், "அது நான் பாத்துட்டேன் தம்பி."

குனியப் போனவர் நிமிர்ந்தார். "உங்க கை வச்சதுல்ல, சரிண்ணே" என்று சுத்தியலைக் கீழே போட்டுவிட்டார்.

அப்போது தடுத்திருக்கலாம். பெட்ரோல் ஒழுகுகிறது என்று ஏதாவது ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். பொய் எனக்குப் புதிதில்லை. அவர் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். தோள் பட்டி முறுக்கிக்கொண்டிருந்தது. நான்தான் கை நீட்டி அதைச் சரிசெய்து, இறுக்கிவிட்டேன்.

கடைசி ஏற்றத்தில் வலது முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறி வழுக்கியது. வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்து, உருண்டு, தலைகீழாகக் கிடந்தது. கேஜ் எங்கேயும் வளையவில்லை. நான் என் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தேன். தோள் எலும்புதான் முறிந்திருந்தது. வலது பக்கத்து சீட் இடத்தில் இல்லை. அவர் எனக்குக் கீழே கிடந்தார். சீட் அவர் முதுகின் மேல் கிடந்தது. நெஞ்சு பைப்பில் அடிபட்டிருந்தது. ஆட்கள் மேட்டிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?" என்றார். முதலில் கேட்டது அதுதான்.

"இல்ல தம்பி."

"சீட்டு எப்படிண்ணே விட்டுச்சு?"

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பதிலுக்குக் காத்திருக்கிற நிலையில்கூட அவர் இல்லை. ஆனாலும் சொன்னேன்.

"நீ உயரம் கேட்டல்ல தம்பி. அந்த உயரம் தாங்கல."

கண்ணை மூடி யோசித்தார். அந்த நிலைமையிலும் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு, "ஆமாண்ணே. நான் அத யோசிக்கல. உங்களையும்ல சேத்துக் கொல்லப் பாத்துட்டேன்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோகிற வழியில் முடிந்துவிட்டது.

பெங்களூர்க்காரர்கள் மாலையோடு வந்தார்கள். உயரத்தைக் கூட்டியதுதான் தப்பு என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்களாவது பிழைத்தீர்களே என்றார்.

காரியம் முடிந்து நேற்று தமிழ்செல்வி எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள். மங்கம்மா கையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"ஊருக்குப் போறோம்ணே. அதுக்கு முன்னாடி உங்களப் பாத்துட்டுப் போகணும்னு வந்தேன். அவரு எப்பவும் ஒண்ணுக்கு ரெண்டு தரம் பாக்குற ஆளு. அன்னைக்கு அவரு புத்தி எங்க போச்சுன்னு தெரியல. உங்க உசுருக்கே உல வச்சிட்டாரு. மனசுல வச்சுக்கிடாதீங்க. மன்னிச்சிருங்கண்ணே."

கும்பிட்டபடி நின்றாள். மங்கம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சொன்னேன், "பரவாயில்லம்மா. அவன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

மன்னித்துவிட்டேன் சார். என் வாயால் அவரை மன்னித்து அனுப்பினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிம்மதியாகப் படி இறங்கிப் போனாள். வெல்டு வைத்தபோதும், சுத்தியலைத் தடுத்தபோதும், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அந்தப் பொய்யைச் சொன்னபோதும் வராத ஒன்று அப்போதுதான் எனக்கு வந்தது. மங்கம்மா காபி கொண்டுவந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கொல்லைப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். காலையில் சட்டையை மாட்டிவிடச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு இங்கே வந்தேன்.

தமிழ்செல்வி இன்னும் ஓசூரில்தான் இருக்கிறாள். பஸ் ஏறுவதற்குள் யாராவது போய்ச் சொல்லிவிடுங்கள். அவர் கணக்கில் தப்பு எதுவும் இல்லை. ஒழுங்காக வெல்டு வைத்திருந்தால் அந்த உயரத்தைத் தாராளமாகத் தாங்கியிருக்கும். என்னால் போய்ச் சொல்ல முடியாது. கேட்டால் அவள் என்னை அடிக்கமாட்டாள், அதனால்தான்.

ரைட்டர் எழுதியதைப் படித்துக் காட்டினார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஒரு வரியை மட்டும் மாற்ற வேண்டும். 'வெல்டிங் வேலையில் போதிய திறமை இல்லாமல் சீட்டைப் பொருத்தியதால்' என்று எழுதியிருக்கிறார். அது சரியில்லை. ஜீப் உங்கள் ஸ்டேஷன் வாசலில்தானே நிற்கிறது. போய் இடது பக்கத்து சீட்டை இழுத்துப் பாருங்கள். நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் வராது. இரண்டையும் வைத்தது ஒரே கை. இவ்வளவு நேரம் தரையைப் பார்த்துப் பேசினேன், இதை மட்டும் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். எனக்கு வேலை தெரியும் என்று எழுதச் சொல்லுங்கள் சார்.