ஏறுறவங்க ஏறுங்க!

மழை விடுவதாக இல்லை. சீட்டுக்கட்டு நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. கதை சொல், கதை சொல் என்று ஆளாளுக்குப் பிடுங்கி எடுக்கிறீர்கள். சரி, சொல்கிறேன். ஆனால் நடுவில் "எந்த வருஷத்து வண்டி, டீசல் எவ்வளவு குடிக்கும்" என்று யாரும் கேட்கக்கூடாது. போன முறை ஒருவர் அப்படித்தான் கதையைக் கெடுத்தார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். நாற்காலிகளை நெருக்கிப் போடுங்கள்... அந்த விளக்கைக் கொஞ்சம் குறையுங்கள்.

இது என் மச்சான் ஹெர்மனோடு நம் நெதர்லாந்தில், ஸ்வோலேயில் ஒரே மரப்பட்டறையில் வேலை பார்க்கும் யோரிஸுக்கு நடந்தது. ஹெர்மன் கதை கட்டுகிற ஆள் இல்லை. அவனுக்கு அந்த அளவுக்கு மூளையும் இல்லை.

மணி பிற்பகல் மூன்று. பேய்க்கு ராத்திரி வேண்டாமா என்று முகம் சுளிக்காதீர்கள். ஸ்பெயினில் எஸ்த்ரமதூரா பக்கம் ஆகஸ்ட் மாதத்து மூன்று மணி நம் ஊர் நடுநிசியைவிட மோசம். ஊரே கதவடைத்துத் தூங்கும். நாய்கூடக் குரைக்காது. போர்ச்சுகல் எல்லையை நோக்கிப் போகும் ஒற்றைச் சாலை... இரண்டு பக்கமும் பட்டை உரித்த தக்கை மரங்கள்... முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை. அந்தச் சாலையில், நம்முடையதைப் போலவே படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் ஒரு கேம்பர் வேன். உள்ளே யோரிஸ், அவன் மனைவி மார்லூஸ், ஆறு வயது மகள் ஃபென்னா.

மார்லூஸ் ஊரிலேயே சொல்லிவிட்டாள். "இந்த லீவு முடியறதுக்குள்ள நாம ரெண்டு பேரும் சரியாகலன்னா, நான் ஃபென்னாவைக் கூட்டிக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் கோர்ட்டுல பாத்துக்கலாம்." அந்தப் பயத்தில்தான் யோரிஸ் வேனை வாடகைக்கு எடுத்தான். ஒரு மாதம் மூன்று பேரும் ஒன்றாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமாம். சண்டைக்காரர்கள் இரண்டு பேரை இரண்டு எட்டில் சுவர் இடிக்கும் பெட்டிக்குள் அடைத்தால் என்ன ஆகும்? இதைக்கூட யோசிக்காத ஆளை என்னவென்று சொல்வது!

பெல்ஜியம் போய், பிரான்ஸைத் தாண்டுவதற்குள் ஏ.சி. செத்துப்போனது. ஸ்பெயினுக்குள் நுழைந்ததும் ஒரு மரக்கிளை கூரை ஜன்னலைப் பெயர்த்துக்கொண்டு போனது. ரொட்டியில் தூவ எடுத்து வந்த சாக்லேட் துருவல் உருகி ஒரே கட்டியாகிவிட்டது. ஃபென்னா அதற்கு அரை நாள் அழுதாள். அன்று காலை, கழிவறைப் பெட்டியை யார் கொண்டுபோய்க் கொட்டுவது என்று ஆரம்பித்தது. மூன்று மணிக்கும் அது முடியவில்லை.

"நேத்தும் நான்தான் கொட்டினேன் மார்லூஸ்."

"நேத்து பாதிதான் ரொம்பியிருந்துச்சு. அதையெல்லாம் கணக்குல சேக்காத."

"பாதின்னா நாறாதா?"

"ஸ்பெயினுக்கு உருளைக்கிழங்கு மூட்டை கட்டிக்கிட்டு வந்த ஆளுகிட்டப் போய் நியாயம் பேசறேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

"உருளைக்கிழங்கு இதுல எங்க வந்துச்சு?"

"எல்லாத்துலயும் வருது! மூணு வேளையும் அதுதான வருது!"

அதோடு மார்லூஸ் எழுந்து பின்னால் போய்விட்டாள். பெல்ட் போட்டபடி தூங்கிக்கொண்டிருந்த ஃபென்னாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இனிமே உன் மூஞ்சியையே பாக்க மாட்டேன்" என்று சொல்லி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் கனத்த திரையைச் சர்ரென்று இழுத்து மூடினாள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன ஊர். ஊருக்கு வெளியே கல் தொட்டி, அதில் விழும் ஊற்று நீர். யோரிஸ் நிறுத்தினான். பக்கக் கதவு திறந்தது. மார்லூஸ் இறங்கிப் போனாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்கும் ரோஷம் உண்டே! தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது... சளசளசள... இருக்கையில் முதுகு ஒட்டிக்கொண்டது. வேண்டுமென்றே தாமதம் செய்கிறாள் என்று நினைக்க நினைக்க அவனுக்குக் கொதித்தது.

கடைசியில் ஜன்னல் வழியாகக் கத்தினான். "ஏறுறவங்க ஏறுங்க! நான் கெளம்பறேன். யாரா இருந்தாலும் சரி, ஏறித் தொலைங்க!"

தண்ணீர்ச் சத்தம் ஒரு கணம் நின்றது... பிறகு தொடர்ந்தது.

வண்டி லேசாகத் தாழ்ந்து எழுந்தது. நீங்கள் எல்லோரும் வேன்காரர்கள், இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. படியில் ஒரு ஆள் கால் வைத்தால் வண்டி சொல்லிவிடும், திரும்பிப் பார்க்கவே வேண்டாம். கதவு உருண்டு மூடியது. ட்ர்ர்ர்... டப். யோரிஸ் வண்டியை எடுத்தான்.

முதலில் கோபமாகத்தான் ஓட்டினான். திரைக்குப் பின்னால் சத்தமே இல்லை. சண்டை போட்டால் மார்லூஸ் நாள் கணக்கில் வாய் திறக்க மாட்டாள், அதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. ஜன்னல் வழியாக வந்தது அனல் காற்று. ஆனால் பின்னாலிருந்து ஈரக் கல்லின் வாசனை, பாசி வாசனை. கேனில் இருந்த தண்ணீர் சிந்திவிட்டது போல என்று நினைத்தான். போகப் போகக் கோபம் இறங்கியது. அந்த அமைதி அவனைத் தின்றது.

"மார்லூஸ்... சரி, நான்தான் தப்பு. போதுமா?"

வேகத்தைக் குறைத்தான்.

"பெட்டிய நானே கொட்டறேன். தினமும். உருளைக்கிழங்க இங்கயே பன்னிக்குப் போட்டுடறேன்..."

இருக்கை கிறீச்சிட்டது. யாரோ முன்னால் நகர்ந்து உட்கார்ந்த சத்தம். யோரிஸுக்குத் தைரியம் வந்தது. கல்யாணத்திலிருந்து சொல்லாத எல்லாவற்றையும் சொன்னான். அப்பா செத்தபோது ஏன் அழவில்லை என்று சொன்னான். பட்டறையில் நடப்பதை வீட்டில் ஏன் பேசுவதில்லை என்று சொன்னான். "நீயும் பாப்பாவும் போயிட்டா நான் எதுக்கு வீட்டுக்கு வரணும், நீயே சொல்லு" என்று அழுதே விட்டான், மடையன். சாலை நேராக இருந்ததால் பிழைத்தான்.

அப்போது திரை விலகியது... கொஞ்சமாக. ஒரு கை வந்து அவன் வலது தோளில் அமர்ந்தது.

குளிர்ந்த கை. மார்லூஸின் கை எப்போதும் குளிர்ந்துதான் இருக்கும், கல்யாணத்தன்றுகூட அதைச் சொல்லிக் கேலி செய்தார்கள். யோரிஸ் தன் கையால் அதைப் பற்றிக்கொண்டான். விரல்களுக்கு முத்தம் கொடுத்தான். ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு, ஒரு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு... அந்தப் பயணத்திலேயே அவன் சந்தோஷமாக இருந்தது அப்போதுதானாம். ஹெர்மனிடம் அவனே சொன்னான்.

போன் அடித்தது. தெரியாத எண். ஸ்பெயின் எண். ஸ்டீயரிங் பிடித்த கையின் விரலாலேயே ஸ்பீக்கரில் போட்டான்.

"எங்க போய்த் தொலைஞ்ச நீ?"

மார்லூஸின் குரல்.

"தண்ணிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, முகம் கழுவிட்டுத் திரும்பினா வண்டியைக் காணோம்! போன் உள்ள, செருப்பு உள்ள! வெறும் கால்ல தார் ரோட்டுல ஓடி, வீடு வீடாக் கதவத் தட்டி, இப்பதான் ஒரு புண்ணியவதி தெறந்தா. ஒரு மணி நேரம் யோரிஸ்! நான் இல்லாததுகூட உனக்குத் தெரியலல்ல?"

யோரிஸ் போனைப் பார்த்தான். கை அவன் கைக்குள் இருந்தது. விரல்கள் இன்னும் கொஞ்சம் இறுகின.

"யோரிஸ்? ஏன் பேச மாட்டேங்கற? ...ஃபென்னா எங்க? ஃபென்னா பின்னாடிதான இருக்கா?"

ஃபென்னா என்ற பெயரைக் கேட்டதும் கை நழுவியது. மெதுவாக... அவசரமே இல்லாமல்... திரைக்குள் போனது.

அவன் பிரேக்கை மிதித்தான். சரளைக் கல் தெறித்தது. திரையைப் பிய்த்து எடுத்தான்.

ஃபென்னா விழித்து உட்கார்ந்திருந்தாள், பெல்ட் போட்டபடியே. உடம்பில் ஒரு கீறல் இல்லை. கலைந்து கிடந்த அவள் தலைமுடி வாரி, தண்ணீர் தொட்டு, இறுகப் பின்னப்பட்டிருந்தது. பக்கத்து இருக்கை தொப்பலாக நனைந்திருந்தது. வேறு யாரும் இல்லை. பக்கக் கதவு திறந்து கிடந்தது.

குழந்தையைத் தூக்கி முன் இருக்கையில் போட்டு, வண்டியைத் திருப்பி, வந்த வழியே பறந்தான். ஃபென்னா ஜன்னலுக்கு வெளியே எட்டி எட்டிப் பார்த்து அழுதுகொண்டே வந்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தான்.

ஊற்றடியில் மார்லூஸ் நின்றிருந்தாள், கால் கொப்புளித்து, முகம் சிவந்து. அடிக்கத்தான் கையை ஓங்கினாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது. இருவரும் கட்டிக்கொண்டு நின்றார்கள். எத்தனை மாதத்துக்குப் பிறகோ! "வீட்டுக்குப் போயிடலாம்... மூணு பேரும், நம்ம வீட்டுக்கே" என்று மார்லூஸ்தான் சொன்னாள். யோரிஸ் எதற்காக உயிரை விட்டானோ அது கிடைத்துவிட்டது.

"ஃபென்னா, வாடி செல்லம்" என்று மார்லூஸ் கையை நீட்டினாள்.

குழந்தை நகரவில்லை. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, இவங்களும் நம்ம கூட வர்றாங்களா?"

"என்ன பேசற? உங்கம்மாடி இது."

ஃபென்னா மார்லூஸை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, யாரோ ஒருவர் மனம் நோகக்கூடாது என்பது போல, அப்பாவின் காதோடு சொன்னாள். "அம்மாவ அங்கயே விட்டுட்டு வந்துட்டோம்பா. நீ திடீர்னு நிறுத்தினதும் எறங்கிட்டாங்க. நீங்க முன்னாடி போங்க, நான் நடந்து வந்துடறேன்னு சொன்னாங்க."

அவ்வளவுதான். அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். யோரிஸும் மார்லூஸும் இப்போது சண்டையே போடுவதில்லை, ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். பாதிரியாரைப் பார்த்தார்கள், மனநல மருத்துவரைப் பார்த்தார்கள். ஒன்றுக்கும் பிரயோஜனமில்லை. ஃபென்னா நல்ல பிள்ளை. சொன்ன பேச்சு கேட்பாள். சாப்பாடு வைத்தால் மார்லூஸுக்கு நன்றி சொல்வாள், விருந்துக்குப் போன வீட்டுக்காரம்மாவிடம் சொல்வது போல. அம்மா என்று மட்டும் இன்றுவரை கூப்பிடவில்லை. பெற்றவள் அதைத் தினமும் மூன்று வேளை விழுங்குகிறாள். எனக்கு ஆத்திரமாக வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

போன வருஷம் பள்ளிக்குக் கிளம்பும்போது, ஷூ மாட்டிக்கொண்டே, "மலையெல்லாம் தாண்டி பிரான்ஸுக்குள்ள வந்துட்டாங்கப்பா" என்றாளாம். எதையும் காட்டிக்கொள்ளாமல் இருக்கச் சொன்னார் மருத்துவர். அதனால் யோரிஸும், அப்படியா என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

போன வாரம் ஹெர்மன் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறான். ஃபென்னா தன் அறையில் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தாளாம். கட்டிலில் ஒரு ஓரமாகத் தலையணையைத் தள்ளி வைத்து, இன்னொரு ஆளுக்கு இடம் விட்டிருந்தாள். என்னம்மா விசேஷம் என்று இவன் கேட்டிருக்கிறான்.

"பெல்ஜியம் வந்தாச்சு மாமா" என்றாளாம். "இப்பல்லாம் ரொம்ப வேகமா நடக்கறாங்க."