லேபிள் உரித்த ரெக்கார்டுகள்

மிர்த்தா: கதவைத் திறக்காத ருபேன். போலீஸ் கார் இன்னும் பார்க் வாசல்லதான் நிக்குது.

ருபேன்: நிக்கட்டுமே அக்கா. அங்க பாட்டுக்கு ஆட பாதி பிராங்ஸ் ஏரியாவே வந்து காத்துக்கிட்டு இருக்கு. தெருவிளக்குக் கம்பத்துல இருந்து கரண்டு இழுத்தாச்சு. ரெக்கார்டு போட வேண்டிய நான் மாடிப்படிக்குக் கீழ பதுங்கிட்டு இருக்கேன்.

மிர்த்தா: கரண்டு போய் ஊரே இருட்டாகி, கடையெல்லாம் கொள்ளை போய் ஒரு வாரம்தான் ஆகுது. ஸ்பீக்கர் தூக்கிட்டுப் போற கருப்புப் பசங்களை எல்லாம் அள்ளிட்டுப் போறாங்க.

ருபேன்: இந்தப் பெட்டியில இருக்கிற ரெக்கார்டெல்லாம் நான் காசு குடுத்து வாங்கினது.

மிர்த்தா: எங்க, ஒண்ணை எடு பாப்போம்... என்னடா, நடுவுல பாட்டுப் பேரு போட்ட லேபிளே காணோம்?

ருபேன்: தொட்டியில ஊறவச்சு உரிச்சிட்டேன்.

மிர்த்தா: அதான் தொட்டி அடைச்சுக்கிச்சா? அம்மா என் தலைமுடின்னு என்னைத் திட்டினாங்க.

ருபேன்: அடுத்த தெருவுல ரெக்கார்டு போடுறவன் எட்டிப் பாத்துப் பாட்டுப் பேரைத் தெரிஞ்சுக்கிட்டா, நாளைக்கு அவனும் இதையே போடுவான். எல்லாரும்தான் உரிக்கிறோம்.

மிர்த்தா: இதைப் போலீஸ்கிட்ட சொல்லு, நம்புவாங்க. திருடிட்டு அடையாளத்தை அழிச்சிருக்கான்னுதான் சொல்லுவாங்க.

ருபேன்: அப்ப பெட்டியை நீ தூக்கு. உன்னை யாரு நிறுத்துவா? நீ உங்கப்பா நிறம், பாத்தா வெள்ளைக்காரி. நான் எங்கப்பா நிறம். ஒரே அம்மான்னு நெத்தியிலயா எழுதியிருக்கு?

மிர்த்தா: நீ?

ருபேன்: பத்தடி தள்ளி வரேன்... யாரோ மாதிரி.

மிர்த்தா: வேணாம். சேந்தே போலாம்.

ருபேன்: சேந்து போனா, 'இவன் தொந்தரவு பண்றானா'ன்னு உன்னைத்தான் கேப்பாங்க.

மிர்த்தா: என் தம்பின்னு சொல்றேன்.

ருபேன்: சொல்லுவியா?

மிர்த்தா: என்னடா இப்படிக் கேக்குற?

ருபேன்: சும்மா...

மிர்த்தா: ருபேன், கார்க் கதவு திறக்குது. ரெண்டு பேரு... இங்கதான் வராங்க.

ருபேன்: பெட்டியை விடு. நீ மேல போ.

மிர்த்தா: போக மாட்டேன். ஒண்ணு சொல்லிடணும். போன வருஷம் ரயில் ஸ்டேஷன்ல போலீஸ் உன்னைக் கார்ல ஏத்தினப்ப, 'அதோ என் அக்கா, கேளுங்க'ன்னு என்னைக் காட்டினியே...

ருபேன்: அக்கா, மெதுவா பேசு. வாசலுக்கு வந்துட்டாங்க.

மிர்த்தா: தம்பின்னு சொன்னேன், அவங்க நம்பலைன்னு வீட்டுல சொன்னேன். பொய்டா. பயத்துல... உன்னைத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்.

ருபேன்: தெரியும்க்கா. கார்க் கண்ணாடி இறக்கித்தான் இருந்துச்சு.