இடைத்தேர்தலால் வளர்ந்த தொகுதி

எங்கள் தொகுதிக்காரர்களுக்கு விரலில் வைத்த மை அழிவதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள். கேலியில் தப்பில்லை. மற்றவர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போடுகிறார்கள். எங்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

என் மேஜை இழுப்பறையில் நீங்கள் எடுத்த இன்ஹேலரைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். தொகுதியின் தேர்தல் வரலாறு தெரியாமல் அது விளங்காது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எம்.பி. அலுவலகத்தில் உதவியாளன். எம்.பி.க்கள் வருவார்கள், போவார்கள். மின்விசிறியும் நானும் மாறுவதில்லை.

எனக்குத் தெரிந்த முதல் எம்.பி. ஒரு வக்கீல். பேச்சில் தேன் ஒழுகும். காரியம் என்றால் கல்லில் நார் உரிக்க வேண்டும். ஆற்றுக்குப் பாலம் கேட்டு மக்கள் நடையாய் நடந்தார்கள். "மேல பேசியிருக்கேன்" என்பார், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே. பதவியில் இருக்கும்போதே தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். அதில் எனக்குச் சம்பந்தம் இல்லை. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இடைத்தேர்தல் வந்தது. தடுக்கி விழுந்தால் மந்திரி காலில்தான் விழ வேண்டும், அத்தனை பேர் வந்தார்கள். ஒருவர் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு, "தொகுதியில என்ன குறைன்னு உங்களைக் கேட்டாத்தான் தெரியுமாமே?" என்றார். சொன்னேன். சில நாளில் ஆற்றில் தூண்கள் எழும்பத் தொடங்கின. உயிரோடு இருக்கும் எம்.பி.யால் முடியாததை இறந்த எம்.பி. முடித்துக் கொடுக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அடுத்து ஜெயித்தவர் மரக்கடைக்காரர். தங்கமான மனிதர். அலுவலகத்துக்கு வந்து நிம்மதியாகத் தூங்குவார். இதய நோயாளி, வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. "நீ குடுத்தா விஷத்தைக்கூடக் கண்ணை மூடிட்டு முழுங்குவேன்யா" என்பார். விஷமெல்லாம் நான் கொடுக்கவில்லை. இதய மாத்திரைக்குப் பதிலாகச் சத்து மாத்திரை கொடுத்தேன், அவ்வளவுதான். நிறம் ஒன்றுதான்.

அந்த இடைத்தேர்தலில் எங்களுக்கு ஆஸ்பத்திரி கிடைத்தது, இதயப் பிரிவோடு. திறப்பு விழாவில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் அவரை நீங்கதான் தம்பி பாத்துக்கிட்டீங்க" என்றார். மறுக்க முடியுமா?

மூன்றாவதாக வந்தவர் டீச்சரம்மா. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர். சிக்கல் இவரிடம்தான் தொடங்கியது. காலையிலேயே வந்து தன் அறைக் கதவைத் திறந்து வைத்துவிடுவார். யாரும் நேரே உள்ளே போகலாம். குழாயில் தண்ணீர் வந்தது. சாலை வந்தது. யாரும் சாகாமலே வந்தது. வருகிறவர்கள் என் மேஜையை, வழியில் நிற்கும் தூணைச் சுற்றிப் போவதுபோலச் சுற்றிப் போனார்கள்.

"ஏங்க, முன்னெல்லாம் உங்களைப் பாக்க வர்றவங்க செருப்பு வாசல்ல குவிஞ்சு கிடக்கும். இப்ப நம்ம ரெண்டு பேர் செருப்புதான் கிடக்கு" என்று என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளுக்கு அரசியல் தெரியாது.

நான் ஊரைப் பற்றித்தான் யோசித்தேன். பெண்களுக்கு ஒரு கல்லூரி வர வேண்டியிருந்தது. டீச்சரம்மா அதற்காக அலைந்துகொண்டிருந்தார். எப்படியும் ஒரு வருஷம் ஆகும் என்றார்கள். இடைத்தேர்தல் என்றால் ஒரே மாதம்.

அவருக்கு ஆஸ்துமா. "சாக்பீஸ் எனக்குக் குடுத்த சீதனம்" என்பார். அலுவலக மாடியில் பழைய கோப்புகள் போட்டு வைக்கும் அறை இருக்கிறது. கதவைத் திறந்தாலே தூசி மூச்சை அடைக்கும். கல்லூரிக்கான பழைய கோப்பு அங்கே இருக்கலாம் என்று சொன்னேன். இல்லை என்று எனக்குத் தெரியும்.

"உங்களுக்கு முட்டிவலி, ஏன் படியேறணும்? நானே பாத்துக்கிறேன்ணே" என்று கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினார். இன்ஹேலர் அந்தப் பையில்தான் இருந்தது.

முதலில் இருமல் கேட்டது. பிறகு, "அண்ணே, பை." கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணே" மட்டும். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு முட்டிவலி என்று அவரே சொல்லியிருந்தார். சத்தம் அடங்கியதும் மெதுவாக ஏறிப் போய்ப் பையை அவர் பக்கத்தில் வைத்தேன். இன்ஹேலரை மட்டும் எடுத்துக்கொண்டேன். தூக்கிப் போட மனம் வரவில்லை. அடுத்தவர் பொருளை நான் வீணாக்கியதில்லை.

கல்லூரிக்கான உத்தரவு மறுநாளே வந்துவிட்டது. அவர் அலைந்ததற்குப் பலன்; முன்பே கையெழுத்தாகி இருந்ததாம். எனக்கு எப்படித் தெரியும்?

போன வாரம் பிரச்சாரத்துக்கு மந்திரி வந்தார். "ஊருக்கு என்ன வேணும், கூச்சப்படாம கேளுங்க" என்றார். ஒரு தையல்காரப் பெண் எழுந்து, "எங்க டீச்சரம்மாவைத் திருப்பிக் குடுங்க, போதும்" என்றாள். மந்திரி தண்ணீர் குடித்தார். என்னைப் பேசச் சொன்னார்கள். டீச்சரம்மாவைப் பற்றி நான் பேசியபோது அழாதவர்கள் இல்லை.

நான் செய்ததெல்லாம் ஊருக்காகத்தான் சார். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் பத்திரிகையில் அந்தக் கூட்டத்தின் படம் வந்தது. மந்திரிக்கு வலப்பக்கம் நிற்பவன் நான்தான். மைக் மறைத்துவிட்டதால் பாதி முகம்தான் தெரிகிறது. அடுத்த இடைத்தேர்தலில் கொஞ்சம் முன்னால் நிற்க வேண்டும்.