ஒரு பிள்ளைக்கு ஒன்பது சதவீதம்

மூன்று மின்விசிறிகளில் ஓடுகிற ஒன்றே ஒன்றைத் தன் தலைக்கு மேல் வாங்கிக்கொண்டு வீற்றிருக்கும் விழாத் தலைவர், கரட்டூர் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியை பாக்கியமேரி அம்மா அவர்களே, என்னைப் பேச அழைத்துவிட்டு இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் கணக்கு ஆசிரியர் பெனடிக்ட் அவர்களே, மேடையில் நாற்காலி போட்டும் கீழே அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் பூசாரி சுடலை அண்ணன் அவர்களே, அரைநாள் வேலையை விட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வண்டியை விட்டு இறங்காமலே கேட்டுக்கொண்டிருக்கும் இளங்காளைகளே, அனைவருக்கும் இந்தச் சுருளியின் சுருக்கமான வணக்கம்.

யார் அங்கே சிரிப்பது? சுருக்கம் என்றதற்கா? நான் ஒலிவாங்கியைப் பிடித்தால் சமணமலை நாலடி நகர்ந்து உட்காரும் என்பது கீழக்குயில்குடிவரை தெரிந்த சங்கதி. இன்று மலைக்குத் தொந்தரவு இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்குப் பாராட்டு விழா, ஆகவே கணக்கு மட்டும் சொல்கிறேன்.

ஆறு முதல் பத்து வரை இந்தப் பள்ளியில் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். முப்பத்தொன்பது பேர் வயற்காட்டுக் குடும்பங்கள். பன்னிரண்டு பேர் தேவாலயத் தெரு. மீதி ஏழு பேர் செங்கல் சூளையில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். அதில் ஒரு பெண், வந்த அன்று தண்ணீர் கேட்கவும் தமிழ் தெரியாமல் குழாயைக் கை காட்டியவள். இப்போது ஏழாம் வகுப்பு. மேடையேறும்போது என்னிடம் கேட்கிறாள், “மாமா, எம்புட்டு நேரம் பேசுவீங்க? பசிக்குது.” அந்தத் தமிழைக் கேட்டபோது வைகையில் தண்ணீர் கரை புரண்டது. சரி, கணுக்கால் அளவு என்று வைத்துக்கொள்வோம்.

பத்தாம் வகுப்பில் பதினொரு பேர். தேறியவர்கள் பத்துப் பேர். ஜெனிஷா ஐந்நூற்றுக்கு நானூற்று அறுபத்திரண்டு. சோலை தமிழில் தொண்ணூற்றொன்று. ஆனால் ஊர் எதைப் பேசுகிறது? தொண்ணூறு புள்ளி ஒன்பது சதவீதம், வட்டாரத்திலேயே கீழே.

“கே.கே. நகர்ல தொண்ணூத்தொம்பதுண்ணே” என்று வண்டியிலிருந்து ஒரு தம்பி சொல்கிறார். ஆமாம் தம்பி. அங்கே இருநூறு பேர் எழுதினால் ஒரு பிள்ளையின் கனம் அரை சதவீதம். இங்கே ஒரு பிள்ளையின் கனம் ஒன்பது சதவீதம். ஒற்றை ஆள் சறுக்கினால் ஒரு பள்ளிக்கூடமே சாய்கிற அளவுக்குக் கனமான பிள்ளைகளைப் பூமியில் வேறெங்கே கண்டீர்கள்? ஒருவர் போனால் ஒன்பது போகும். ஒருவர் வந்தால் ஒன்பது வரும்.

அந்த ஒருவர் யார்? நல்லகாமன் மகள் ரோகிணி. நாலு பாடம் தேறியவள். அரையாண்டில் கணக்கில் எண்பத்தெட்டு வாங்கியவள். முழுப்பரீட்சையில் கணக்குக்கு மட்டும் போகவில்லை. போகாதவளையும் தோற்றவளையும் ஒரே கட்டத்தில்தான் எழுதுவார்கள். ஏன் போகவில்லை என்று எத்தனை பேர் கேட்டோம்? அவள் அப்பா கேட்டார். “படிக்கலப்பா” என்று சொல்லிவிட்டாள்.

இப்போது நான் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டி, ரோகிணி முளைப்பாரி வளர்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து பரீட்சையில் கணக்கு மட்டும் காப்பு நாட்களுக்குள் வந்து விழுந்தது. விழாக் கமிட்டித் தலைவன் நான். கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் வந்து கேட்டாள், “மாமா, காப்புக் கட்டிருக்கேன். பரீட்சைக்குத் திருப்பரங்குன்றம் போயிட்டு வரலாமா?” ஆம், இல்லை என்று சொல்கிற வாயா இது? “எல்லைக் கல்லைத் தாண்டுனேன்னு வையி, முளைப்பாரி கருகிப்போகும், கண்மாய் வத்திப்போகும், ஒங்கப்பனுக்கு ஒரு பக்க மீசை கொட்டிப்போகும்” என்றேன். மீசைக்குச் சிரித்தாள். சிரித்ததால் விளையாட்டு என்று புரிந்துகொண்டாள் என நினைத்து நான் பந்தல்காரரைப் பார்க்கப் போய்விட்டேன். அவள் முளைப்பாரியைப் பார்க்கப் போய்விட்டாள். மறுநாள் பரீட்சை முடியும்வரை முளைப்பாரி வைத்திருந்த இருட்டறையில் பயிருக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

போன வாரம் பெனடிக்ட் சார் விசாரித்துத்தான் இது வெளியே வந்தது. இரண்டு மாதமாக அவள் என் பெயரைச் சொல்லவே இல்லை. நேரே சுடலை அண்ணனிடம் ஓடினேன். அவர் சொன்னார், “கிறுக்குப் பயலே, வெளியூர்ல ராத்தங்கக் கூடாது, அம்புட்டுத்தான் சட்டம். போயிட்டுப் பொழுது சாயத் திரும்பலாமே.” அண்ணன் ஏன் முறைக்கிறார் என்று இப்போது தெரிகிறதா?

வருகிற திங்கட்கிழமை கணக்குக்குத் துணைத் தேர்வு. தலைமை ஆசிரியை அம்மா விண்ணப்பித்து நுழைவுச் சீட்டே வந்துவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமையே அவளைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்ப நல்லகாமன் முடிவு செய்திருக்கிறார். நேற்று வீட்டுக்குப் போனேன். “பெயிலான பிள்ளன்னு ஊரே சொல்லுது மாப்ள, இனி என்னத்துக்கு?” என்று கதவைச் சாத்திக்கொண்டார். ஊர் சொன்னதால் சாத்திய கதவை ஊர் முன்னால்தானே தட்ட வேண்டும்?

ஊர்ப் பெரியோரே, பரீட்சையில் தோற்றது ரோகிணி அல்ல, சுருளி. பாடம் தெரியாமல் அல்ல, சாமி சட்டம் தெரியாமல் தோற்றவன். கேலி செய்கிறவர்கள் இனி என் வாசலுக்கு வந்து செய்யுங்கள். அடுத்த ஆண்டு முதல் பரீட்சை அட்டவணையைப் பார்த்த பிறகுதான் காப்புக்கு நாள் குறிப்போம். சுடலை அண்ணன் தலையாட்டுகிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். மாப்ள நல்லகாமா, எழுந்து ஒரு வார்த்தை சொல்லு.

எழுந்துவிட்டார். என்ன சொல்கிறார் என்று பின்வரிசைக்குக் கேட்காது, நானே சொல்கிறேன். “மைக்க வையிடா மொதல்ல. திருப்பூர் கெடக்கட்டும். திங்கக்கெழம நானே கூட்டிட்டுப் போறேன். நீ மட்டும் கூட வராத, வழியெல்லாம் பேசிப் பிள்ளையக் கொழப்பிருவ.”

வர மாட்டேன் மாப்ள. சத்தியமாக வர மாட்டேன்.

பத்துப் பிள்ளைகளைத் தேற வைத்த ஆசிரியர்களுக்கு நன்றி. பொறுத்துக் கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. இரண்டு மாதம் என்னைக் காட்டிக்கொடுக்காத ரோகிணிக்கு நன்றி போதாது, உண்மை வேண்டும். கண்ணு, மாமா சொன்னது அத்தனையும் பொய். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது, வேறொன்றும் இல்லை. தாண்டிப் போய் எழுதிவிட்டு வா. வணக்கம்.