தார் பூசிய கதவு

— கத்தியை இப்படிக் குடுங்க. காய் நறுக்குற கத்தி அது. தாரைச் சுரண்டினா அப்புறம் எதுக்கு ஆகும்?

— சுரண்டாம வேற என்ன செய்யச் சொல்ற? தெருவே நின்னு வேடிக்கை பார்க்குது. சுங்கக் கிடங்குல எடை போடுறவன் வீட்டுக் கதவு. மேலேருந்து கீழ வரைக்கும் தாரு. எவனுக்கு இவ்வளவு கொழுப்பு?

— வரி வாங்குறவங்க கதவுக்கெல்லாம் பூசிட்டுத்தானே வர்றாங்க. நம்ம கதவை மட்டும் விட்டு வைப்பாங்களா?

— நான் வரி வாங்கலை, சொல்லிட்டேன். நான் தராசு பிடிக்கிறவன். முள்ளு எங்க நிக்குதோ அதைச் சொல்றேன், அவ்வளவுதான் என் வேலை.

— ஆமா, பின்னே. நீங்க சொல்ற எடைக்குத்தானே அவங்க வரி போடுறாங்க.

— இது எதிர்வீட்டு ரொட்டிக்காரன் வேலை. நேத்து என்னைப் பார்த்துட்டுக் காறித் துப்பினான். அதிகாரி இப்போ வருவாரு. அவன் பேரைச் சொல்லிடப் போறேன், சொல்லிட்டேன்.

— சொன்னா என்ன ஆகும்?

— பிடிச்சுட்டுப் போவாங்க.

— எங்க? கப்பல்ல ஏத்தி, கடலுக்கு அந்தப் பக்கம் ராஜாவோட ஊருக்கு. அங்கதானே இப்போ விசாரணை. போனவன் எவனாவது திரும்பி வந்தானா? ரொட்டிக்காரன் பொண்டாட்டி மாசமா இருக்கா. என் தம்பி செத்தப்போ நம்ம வீட்டுல அடுப்பு எரியலைன்னு ரொட்டி கொண்டுவந்து வச்சவ.

— அதைத் தார்ச்சட்டியைத் தூக்கும்போது அவன் நினைச்சிருக்கணும்.

— நல்லா இருக்கு நியாயம். முகம்கூடத் தெரியாத ராஜா அங்க உட்கார்ந்துக்கிட்டு நூலுக்கு வரி போட்டான். ஒரு கண்டு நூல் வாங்க நான் ரெண்டு சட்டை தைக்க வேண்டியிருக்கு. அப்புறம் கண்ணாடி, காகிதம். இப்போ தாரு. நம்ம ஆளுங்கள்ல ஒருத்தனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டானா? மனு போட்டாங்க. பிரிச்சுக்கூடப் பார்க்காம திருப்பி அனுப்பினான்.

— அதுக்கு என் கதவு என்ன பண்ணும்?

— வரியைக் குறைங்கன்னுதான் முதல்ல கேட்டாங்க. நீங்க சிப்பாயைக் கொண்டுவந்து தெருவுல நிறுத்தினீங்க. இப்போ, எங்களுக்கு வரி போட நீ யாருன்னு கேக்குறாங்க. இனிமே குறைச்சாலும் யாரும் வீட்டுக்குப் போக மாட்டாங்க.

— என்னமோ நானே சிப்பாயை இறக்கின மாதிரி பேசுற. அந்தச் சம்பளத்துலதான் நம்ம அடுப்பு எரியுது.

— எரியுது. கூடவே என் வயிறும் எரியுது.

— நேராப் பேசு. உன் தம்பி போனதுலேருந்து நீ என்கிட்ட முகம் குடுத்துப் பேசுறதில்லை. கடல் சரியில்லை, படகு முழுகிடுச்சு. நான் என்ன செய்ய முடியும்?

— கடல் நல்லாத்தான் இருந்துச்சு. படகுதான் ஒழுகிச்சு. பலகை இடுக்குல பூசத் தாரில்லாம போனான்.

— வரி கட்டி வாங்கியிருக்கலாமில்ல?

— அந்தக் காசு இருந்தா அவன் ஏன் ஓட்டைப் படகுல போறான்? வரி முத்திரை இல்லாத தாரு ஒரு டின்னு வாங்கினான். படகுக்குக் கொண்டுபோற வழியில கிடங்கு வாசல்ல பிடுங்கிட்டாங்க.

— என்கிட்ட வந்து அத்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேனே.

— வந்தான். உங்க வேலைக்கு ஆபத்து வந்துடக் கூடாதுன்னு தெருமுனையிலயே நின்னுக்கிட்டு, டின்னைக் கூட்டாளி கையில குடுத்தனுப்பினான். நீங்க நிமிர்ந்துகூடப் பார்க்கலையாம். முத்திரை இல்லை, ஓரமா வைன்னு சொன்னீங்களாம். கூட்டாளி வந்து சொல்லி அழுதான்.

— வாசல்ல எத்தனையோ டின்னு கிடந்துச்சு. யாரோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

— எனக்குத் தெரிஞ்சுதே.

— உனக்கா? நீ எங்க பார்த்த?

— கூரை ஒழுகுதுன்னு, பிடுங்கி வச்ச குவியல்லேருந்து ஒரு டின்னைத் தூக்கிட்டு வந்தீங்களே. கைப்பிடி கையை அறுக்குது அக்கான்னு தம்பி சொன்னான்னு நான்தான் அதுக்கு நீலத் துணி சுத்தித் தைச்சுக் குடுத்தேன்.

— அந்த டின்னா?

— அந்த டின்னுதான்.

— ஐயோ... அதை நான் என் கையாலயே... இப்போ எங்க அது? கொல்லையிலதானே வச்சேன்.

— அங்கதான் இருக்கு, காலியா.

— காலியான்னா? கூரையில நான் இன்னும் கையே வைக்கலையே.

— கதவுக்கே சரியாப் போச்சு.

— நீயா?

— ஆமா, பின்னே. நீங்க குறட்டை விட்டுக்கிட்டு இருந்தீங்க. என் தம்பி படகுக்குப் பூச வாங்கின தாரு, நம்ம கூரைக்குப் போக விடுவேனா? போய்ச் சொல்லுங்க உங்க அதிகாரிகிட்ட. ரொட்டிக்காரனை விட்டுடுங்க. கப்பல்ல நான் ஏறிக்கிறேன்.

— மெதுவாப் பேசு. பூட்ஸ் சத்தம் கேக்குது. கையைக் காட்டு. நகத்துல எல்லாம் ஒட்டியிருக்கு பாரு. உள்ளே போ.

— போக மாட்டேன். எனக்கென்ன பயம்?

— உனக்கில்லைடி, எனக்குப் பயம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கோ. அந்தக் கத்தியைக் குடுத்துட்டுப் போ.

— எடைக்காரரே, செய்தி வந்தது. அரசாங்க ஊழியர் வீட்டுக் கதவு என்றால் அது அரசாங்கத்தின் கதவு. சிப்பாய்களோடு வந்திருக்கிறேன். ஆள் யாரென்று தெரிந்ததா?

— தெரிஞ்சுதுங்க ஐயா.

— எதிரே அந்த ரொட்டிக்காரன்தானே? அவன் மேல் எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

— அவனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. நான்தான் பூசினேன். என் கையைப் பாருங்க, எல்லாம் தாரு.

— என்ன உளறுகிறீர்? உம்முடைய கதவுக்கு நீரே தார் பூசுவீரா?

— என் கதவு, என் மச்சினன் வாங்கின தாரு. இதுக்கும் வரி உண்டுங்களா?